அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு டேப்

பட்டாசு, தீப்பெட்டி, அச்சு மற்றும் இதரத் தொழிலாளர் ஒருங்கிணைந்த முன்னேற்ற நல மன்றம் என்று பலகையில் எழுதியிருக்கும். இந்தப் பெயரை ஒருவர் சிவகாசி பஸ் நிலையத்தில் சொல்ல ஆரம்பித்தால், முடிக்கும்போது திருத்தங்கல் வந்துவிடும். மன்றம் இருப்பதும் திருத்தங்கலில்தான். சொந்தமாக ஓர் அறை, ஒரு மைக் செட், நான்கு சால்வை. சால்வை போர்த்தப்பட்டவர்கள் கூட்டம் முடிந்ததும் அதை மடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. மடிப்பு கோணலாக இருந்தால் விளக்கக் கடிதம் கேட்பார்கள்.

தொடங்கிய பத்தொன்பது வருடத்தில் மன்றம் எந்தத் தொழிலாளிக்கும் ஒரு குண்டூசிகூடக் கொடுத்ததில்லை. அதனால் அதன்மேல் எந்தப் புகாரும் வந்ததில்லை. இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோது, போன ஆடி மாதம் சென்னையில் இருக்கும் ஒரு புண்ணியவான் பணம் அனுப்பி, ‘உங்கள் உறுப்பினர் ஒருவருக்கு அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒரு டேப், அதாவது டேப்லெட் கம்ப்யூட்டர், வாங்கிக் கொடுங்கள்’ என்று எழுதிவிட்டார். நிர்வாகிகள் மூன்று பேரும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

எட்டுப் பக்க விண்ணப்பம் ஒன்று அச்சானது. நானூறு பேர் வாங்கிப் போனார்கள். ஏழாம் பக்கத்தில், ‘இதற்கு முன் விண்ணப்பிக்கவில்லை என்பதற்கான அத்தாட்சி நகல் மூன்று’ என்று கேட்டிருந்தார்கள். அதைத் தாண்டி வந்து சேர்ந்தது ஒரே ஒரு விண்ணப்பம். எம். புதுப்பட்டி கிராமத்துச் சண்முகத்தாயுடையது.

சண்முகத்தாய்க்கு நாற்பத்தாறு வயது. பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. புருசன் இல்லை. ஒரே மகள் இசைவாணி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறாள். பெயர் வைத்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் பிள்ளைக்குக் காது கேட்காது என்பது தெரிந்தது. வாய்ப்பேச்சும் வரவில்லை. தாயும் மகளும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். சைகைகள் பாதி பள்ளிக்கூடத்தில் வந்தவை, பாதி வீட்டிலேயே இருவரும் உண்டாக்கியவை.

அந்தப் பேச்சில் ஒரு சங்கதி உண்டு. சொல்லைக் கை சொல்லும். அது நிஜமா இல்லையா என்பதை முகம் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு வாக்கியம். சண்முகத்தாயின் போன் உள்ளங்கை அகலம். குறுக்கே ஒரு கீறல் வேறு. மகள் கிட்டே நின்றால் முகம் தெரியும், கை தெரியாது. தள்ளி நின்றால் கை தெரியும், முகம் கொத்தமல்லி விதை அளவுக்குப் போய்விடும்.

இத்தனை நாள் அதை வைத்தே ஒப்பேற்றி வந்தாள். இப்போது முடியவில்லை. அருப்புக்கோட்டையில் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிற ஒரு பையன் வீட்டிலிருந்து இசைவாணியைக் கேட்டிருக்கிறார்கள். காது நன்றாகக் கேட்கிற பையன். அவனே திருப்பூருக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டான். புரட்டாசி பிறப்பதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகளுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டதற்கு, ‘சரி’ என்று பதில் வந்ததாகப் பக்கத்து வீட்டு சினேகா வாசித்துச் சொன்னாள்.

“சரின்னா எந்தச் சரிடீ?” என்றாள் சண்முகத்தாய்.

“சரின்னா சரிதான் அத்தை.”

அப்படி இல்லை. ஆறு வயதில் விடுதியில் விடும்போதும் இசைவாணியின் கை ‘சரி’ என்றுதான் சொன்னது. அன்றைக்கு சண்முகத்தாய் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கையை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பதினேழு வருடமாக அதை நினைத்துச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள். இன்னொரு தடவை அந்தத் தப்பைச் செய்ய மாட்டாள். திருப்பூருக்குப் போய்வரலாம் என்றால் தீபாவளி சீசன். இப்போது லீவு போட்டால் திரும்பி வரும்போது வேலை இருக்காது. மகளுக்கும் ஏற்றுமதி ஆர்டர், வெறுமனே அம்மாவைப் பார்த்துவிட்டு வர ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டார்கள்.

விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டம் தீக்குச்சி அகலத்துக்கு இருந்தது. ‘மகளோடு பேச’ என்று மட்டும்தான் சினேகாவால் அதில் எழுத முடிந்தது.

தேர்வுக் குழு ஆவணி முதல் தேதி கூடியது. தலைவர் சங்கிலிமுத்து, திருத்தங்கலில் லேபிள் அடிக்கிற அச்சகம் வைத்திருப்பவர். செயலாளர் முனியராஜ், பட்டாசுக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் சுந்தரபாண்டி, ஆலங்குளத்துக்காரர், சிமெண்டுச் சோதனைக் கூடத்தில் காலம் தள்ளியவர். மூவரும் டேப்பைத் தொட்டதில்லை. அதனால் பாரபட்சம் இருக்காது என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தது.

விருதுநகரில் கடை வைத்திருக்கும் புகழேந்தி மூன்று மாதிரிகளோடு வந்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். மூன்றும் மூன்று கம்பெனி. வாசலில் முனியராஜ் மறித்தார்.

“ஏலே, நில்லு. பேட்டரி இருக்குல்ல உள்ள? அப்பம் இது வெடிப்பொருள் கணக்கு. ஒரு ரூமுக்கு நாலு ஆளுக்கு மேல கூடாது. நாங்க மூணு பேரு, இந்தம்மா ஒன்னு. நீ சன்னல் வழியா பேசு.”

புகழேந்தி சன்னலுக்குப் போனான். அன்று முதல் கடைசிக் கூட்டம் வரைக்கும் அறைக்குள்ளிருந்து அவனை யாரும் இடுப்புக்குக் கீழே பார்த்ததில்லை. உள்ளே வருகிறவர்கள் உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் ஒரு செம்புத் தகடு ஆணியடித்து மாட்டியிருந்தது. கம்பெனியில் செய்கிற மாதிரி சண்முகத்தாய் அதைத் தொட்டுவிட்டு நுழைந்தாள். பிறகு மூன்று டேப்பையும் ஒவ்வொன்றாகத் தகட்டில் தொட வைத்து உள்ளே எடுத்தார்கள்.

“அண்ணாச்சி, இதுல மூணு சங்கதிதான் பார்க்கணும்,” என்று சன்னலில் ஆரம்பித்தான் புகழேந்தி. “ஸ்கிரீன் அகலம், கேமரா, சார்ஜ் எம்புட்டு நேரம் நிக்கிது...”

“அது அஜெண்டாவுல இல்ல,” என்றார் சங்கிலிமுத்து. பையிலிருந்து அச்சகத்து லென்ஸை எடுத்து நீல டேப்பின் பெட்டிமேல் வைத்து, அதில் கண்ணை ஒட்டினார். கால்மணி நேரம் மூச்சே விடவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

“நாலு கலரும் மயிரிழை விலகாம உக்காந்திருக்கு. லேமினேசன் பாருங்க, ஈ உக்காந்தா வழுக்கும். இதுதான் சரக்கு.”

“பெட்டியப் பிரிச்சு உள்ள பார்த்தீகன்னா...” என்றாள் சண்முகத்தாய்.

“பிரிக்கவா?” சங்கிலிமுத்து பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். “தாயி, நான் முப்பது வருசமா லேபிள் அடிக்கேன். ஒரே வெடிக்கு ஒம்பது லேபிள் அடிச்சுக் குடுத்திருக்கேன். ஒம்பதுல எது நல்ல வெடின்னு ஜனங்க மண்டைய ஒடச்சுக்கிட்டாக. உள்ள என்ன இருக்குன்னு பார்த்து வாங்குனா இந்த ஊர்ல எவன் பொழைப்பான்? பழக்கம்னு ஒன்னு இருக்குல்ல?”

கைதட்டினார்கள். நீல டேப் பிரிக்கப்படாமலே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கியது. சீல் ஓரத்தில் ஒரு சுருக்கம் இருந்ததால் இரண்டு குறைந்தது.

சண்முகத்தாய் கையைத் தூக்கினாள். “அண்ணாச்சி, எம்மக எப்பிடிப் பேசும்னா...”

“பயனாளி கருத்து பதினோராவது அயிட்டம். இப்பம் நாலுலதான் இருக்கோம்,” என்றார் சங்கிலிமுத்து.

நாலாவது அயிட்டம் சுந்தரபாண்டி. அவர் வெள்ளை டேப்பைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“இன்னிக்குத் தேதிய குறிச்சுக்கோங்க. மூணாம் நாள் ஒரு சோதனை, ஏழாம் நாள் ஒரு சோதனை, இருபத்தெட்டாம் நாள் கடைசிச் சோதனை. அதுவரைக்கும் தண்ணியில கெடக்கணும்.”

சன்னலில் புகழேந்தியின் முகம் வெளிறியது. “தண்ணியிலயா?”

“பின்ன? தண்ணியில ஊறினாத்தான தம்பி பலம் ஏறும்? இருபத்தெட்டாம் நாள் எடுத்துத் தொடச்சு, மிசின்ல வச்சு நசுக்கணும். எம்புட்டு பாரம் வரைக்கும் தாங்குச்சோ அதுதான் தரம். எத்தன ஆயிரம் சிமெண்டுக் கட்டிய நசுக்கியிருக்கேன்! எல்லாமே நசுங்குற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சர்ட்டிபிகேட் குடுத்திருக்கேன்.”

“நசுக்கினப்புறம் என்ன அண்ணாச்சி மிஞ்சும்?” என்று கேட்டாள் சண்முகத்தாய். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“சர்ட்டிபிகேட் மிஞ்சும்மா,” என்றார் சுந்தரபாண்டி கனிவாக.

மன்றத்தின் பின்பக்கத்துத் தொட்டியில் வெள்ளை டேப் இறங்கியது. சண்முகத்தாய் விரல்விட்டுப் பார்த்தாள். இருபத்தெட்டாம் நாள் என்பது ஆவணி கடைசி. அதற்கு மேல் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது?

அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே மகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். இசைவாணி பனியன் மூட்டைகளுக்கு நடுவே நின்று வேகமாக என்னவோ சொன்னாள். இரண்டு கையும் அகல விரிந்தன. போன் ஓரத்தில் முடிந்துவிட்டன. பையனுக்குப் பெரிய மனசு என்கிறாளா, பெரிய வயிறு என்கிறாளா? சண்முகத்தாய் போனைச் சாய்த்தாள், நிமிர்த்தினாள், பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆள், “டவர் கெடைக்கலையா?” என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

கறுப்பு டேப்பின் சோதனை ஆவணி பத்தாம் தேதி நடந்தது. முனியராஜின் பொறுப்பு அது. எந்தச் சரக்கானாலும் லாட்டுக்கு ஒன்றை எடுத்து வெடிக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. மன்றத்துக்குப் பக்கத்துப் பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நடுவில் ஒரு செங்கல், செங்கல்மேல் கறுப்பு டேப். ஐம்பதடிக்கு வயர் இழுத்து சார்ஜ் ஏற்றினார்கள். எல்லோரும் சுவருக்குப் பின்னால் குத்தவைத்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள். அந்தப் பக்கம் வந்த பால் வண்டியை முனியராஜ் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

“நமுத்துப் போன சரக்கு,” என்று முணுமுணுத்தார் முனியராஜ்.

“டேப் வெடிக்காதுங்க. வெடிக்காம இருந்தாத்தான் நல்ல டேப்பு,” என்று கத்தினான் புகழேந்தி. அவனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள்.

“வெடிக்காததுதாம்லே ஆபத்து. வெடிச்சது வெடிச்சுருச்சு, அதுக்கு என்ன பயம்? நான் போர்மேனா இருந்த முப்பத்திரண்டு வருசத்துல என் ரூம்ல ஒரு விபத்து உண்டா? ஏன் இல்ல? எவனையும் எதையும் செய்ய விட்டதே இல்ல!”

அந்த நேரம் பார்த்து சார்ஜ் நிறைந்து, டேப் ‘டிங்’ என்று ஒலித்து, பளிச்சென்று வெளிச்சம் போட்டது. அவ்வளவுதான். “திரி பிடிச்சிருச்சு!” என்று முனியராஜ் அலறினார். சங்கிலிமுத்து நீலப் பெட்டியோடு சாக்கடையைத் தாண்டினார். சுந்தரபாண்டி தன்னை அறியாமல் தொட்டிக்குள் இறங்கிவிட்டார். விதிப்படி முதல் வாளி மணல், இரண்டாம் வாளி மணல், கடைசியில் வண்டியோடு மணல். கறுப்பு டேப் மணலுக்குள் இன்னும் ஒருமுறை ‘டிங்’ என்றது. பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

‘சோதனை வெற்றி. சாதனம் கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது’ என்று தீர்மானம் எழுதினார்கள்.

சண்முகத்தாய் மணல்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தது. “அண்ணாச்சி, எனக்கு அது வேணும்னு கேட்டு ஒரு மாசம் ஆகுது. ஒன்னத் தண்ணியில போட்டுட்டீக. ஒன்ன மண்ணுல போட்டுட்டீக. இன்னொன்னத் தூக்கி வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கீக. புரட்டாசிக்கு மூணு வாரந்தான் இருக்கு. எம்மக சம்மதத்தக் கேட்டு நான் மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லணும்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மன்றக் கூட்டத்தில் இப்படி யாரும் பேசியதில்லை. சங்கிலிமுத்து தொண்டையைச் செருமினார்.

“தாயி அவசரப்படுது. அப்பம் ஒன்னு செய்வோம். கடையில எது மலிவோ அத வாங்கிருவோம். திருத்தங்கல்லயே மூணு லேபிள் அடிச்சு மூணையும் ஒட்டிருவோம். கறுப்பு வேணுங்கறவுகளுக்குக் கறுப்பு, வெள்ளை வேணுங்கறவுகளுக்கு வெள்ளை. யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.”

அதற்கும் கைதட்டினார்கள். ஆனால் எந்த லேபிள் மேலே வருவது என்பதில் பேச்சு முற்றி, பதினான்கு நாள் கூட்டமே நடக்கவில்லை.

சென்னைப் புண்ணியவான்தான் கடைசியில் காப்பாற்றினார். பயனாளி டேப்பைப் பயன்படுத்துகிற போட்டோ ஒன்றை உடனே அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். மன்றத்துக்குப் போட்டோ என்றால் உயிர். ஆவணி இருபத்தைந்தாம் தேதி, ‘நேரடிப் பயன்பாட்டுச் சோதனை மற்றும் பாராட்டு விழா’ என்று பேனர் கட்டிவிட்டார்கள். மிஞ்சியிருந்தது நீல டேப் ஒன்றுதான். சீலை அறுக்கும்போது சங்கிலிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் சால்வையைப் பெட்டிக்குப் போர்த்தினார்கள்.

சண்முகத்தாயை மேசைக்கு முன்னால் உட்கார வைத்து, நீல டேப்பை ஒரு செங்கல்மேல் சாய்த்து நிறுத்தினார்கள். புகழேந்தி சன்னல் வழியாகத் தன் போனை நீட்டி அதற்கு நெட் கொடுத்தான்.

“விண்ணப்பத்துல ‘மகளோடு பேச’ன்னு போட்டிருக்கு. அதனால பேச்சுச் சோதனை. நீ உன் மகளக் கூப்பிட்டுப் பேசும்மா. நாங்க குறிப்பெடுத்துக்கிட்டே நாலு வார்த்தை பேசிருதோம்,” என்றார் சங்கிலிமுத்து. மைக்கைக் கையில் எடுத்தார்.

மணி அடித்தது. டேப்பில் இசைவாணி வந்தாள்.

சண்முகத்தாய் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். முழு மகள். முகம், கழுத்து, தோள், இரண்டு கை, கையில் ஒட்டியிருந்த நூல் பிசிறு, எல்லாம் ஒரே சமயத்தில். பக்கத்தில் மைக் முழங்கிக்கொண்டிருந்தது. “இந்த மன்றம் பேச்சுரிமைக்காகப் பத்தொன்பது வருசமாக...” அவள் காதில் அது விழவில்லை.

சரின்னு எழுதுனியே, எனக்காகவா எழுதுன? என்று கையால் கேட்டாள்.

இசைவாணி ஒரு நொடி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கதை சொல்ல ஆரம்பித்தாள். நேற்று அந்தப் பையன் கடையிலிருந்து வீடியோவில் வந்தான். ஒரு கையில் சுத்தியல், ஒரு கையில் கண்ணாடி போட்ட பெரிய படம், யாரோ மீசைக்காரத் தாத்தா. போன பதினைந்து நாளில் கொஞ்சம் சைகை படித்திருக்கிறான். அவனுக்கு என்னோடு பேச வேண்டும், பேசுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அங்கும் இங்கும் பார்த்தான். வைக்க இடமில்லை. அப்படியே கீழே போட்டுவிட்டான். கண்ணாடி தூள். சுத்தியல் கால் பெருவிரலில். ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து, பேச்சை நிறுத்தாமல், சாப்பிட்டியா என்று கேட்டான்.

ஒற்றைக் காலில் குதித்துக் காட்டும்போது இசைவாணி சிரித்துவிட்டாள். கண் சுருங்கி, தோள் குலுங்கி, சொல்ல வந்ததைக் கை பாதியில் விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிற சிரிப்பு. இந்த முகத்தைச் சண்முகத்தாய் பிள்ளைக்கு நாலு வயதில் பார்த்தது. அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சந்தோசம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“கையக் கைய வீசுது பாருங்க. சூடாயிருச்சு, விசிறுது,” என்று முனியராஜ் கிசுகிசுத்தார். மணல் வாளியைக் காலால் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார்.

“கொசுவா இருக்கும்,” என்றார் சுந்தரபாண்டி.

“ரெண்டும் இல்ல. லேமினேசன் மினுக்குல கண்ணு கூசுது, அதான் தண்ணி வருது,” என்றார் சங்கிலிமுத்து, மைக்கை அணைக்காமலே. பிறகு மறுபடியும் பேச்சைத் தொடர்ந்தார். அவர் முடித்ததும் முனியராஜ் பேசினார். அடுத்து சுந்தரபாண்டி. இரண்டு தடவை போட்டோ எடுத்தார்கள். அதில் மூன்று பேரும் நன்றாக விழுந்திருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்துத் தீர்மானம் வாசிக்கப்பட்டது.

“பயனாளி ஒரு மணி நேரம் சாதனத்தின் முன் அமர்ந்திருந்தும் சாதனத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பயனாளியாலும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கண்ணீர் வடித்த நிலையில் காணப்பட்டார். ஆகவே டேப் என்பது பேசுவதற்கு உதவாத பொருள் என இக்குழு ஏகமனதாகத் தீர்மானித்து, நன்கொடையை ஒரு புது மைக் செட் வாங்க ஒதுக்குகிறது.”

கைதட்டல் ஓய்ந்ததும் சண்முகத்தாய் டேப்பைத் துடைத்து, சன்னல் வழியாகப் புகழேந்தியிடம் கொடுத்தாள். அவளுக்குப் போர்த்திய சால்வையை மடிப்புக் கலையாமல் மேசைமேல் வைத்தாள். கையெழுத்தும் போட்டாள்.

“மாப்பிள்ளை வீட்டுல முன்னாடியே குறிச்சு வச்சபடி வாற வெள்ளிக்கிழமை எம்மகளுக்கு நிச்சயதார்த்தம். அண்ணாச்சிமாரு மூணு பேரும் அவசியம் வந்துரணும்.”

சங்கிலிமுத்து லென்ஸைப் பையில் போடுவதை நிறுத்தினார். “பொண்ணு சம்மதிக்கணும்னு சொன்னியே தாயி. எப்பம் சரின்னு சொல்லுச்சு?”

“இப்பத்தான் அண்ணாச்சி. நீங்க மூணு பேரும் பேசிக்கிட்டு இருந்தீகள்ல, அப்பத்தான்.”